திசை இருந்தாலே வெக்டரா? மின்னோட்டம், அழுத்தம், ஒரு படகுக் கணக்கு

தங்கச்சிமடம் பிளஸ் ஒன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் பாடம் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று சந்தேகம்.

முதலாவது: எண்மதிப்பும் திசையும் இருந்தால் வெக்டர், எண்மதிப்பு மட்டும் இருந்தால் ஸ்கேலர் என்று படிக்கிறோம். மின்சுற்று வரையும்போது மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போடுகிறோம், திசை சொல்கிறோம். ஆனாலும் அது ஸ்கேலர் என்கிறார்கள். அழுத்தமும் ஒரு பக்கமாகத் தள்ளத்தானே செய்கிறது, அதுவும் ஏன் ஸ்கேலர்?

இரண்டாவது ஒரு கணக்கு. எங்கள் ஊர் வடகரையிலிருந்து நேர் வடக்கே 12 கி.மீ. தள்ளி, பாக் விரிகுடாவில், ஜிபிஎஸ்ஸில் ஒரு இடம் குறித்திருக்கிறது. ஓட்டம் இல்லாத நீரில் படகு மணிக்கு 8 கி.மீ. போகும். நீரோட்டம் கிழக்கு நோக்கி மணிக்கு 3 கி.மீ. படகு விலகாமல் நேராக அந்த இடத்துக்குப் போக அணியத்தை (படகின் முன்முனையை) எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? வகுப்பில் பாதிப் பேருக்கு 20.6 டிகிரி வருகிறது, பாதிப் பேருக்கு 22 டிகிரி வருகிறது. இரண்டு தரப்பும் 8, 3 என்ற பக்கங்களை வைத்துச் செங்கோண முக்கோணம்தான் போட்டிருக்கிறது.

மூன்றாவது: ஒரு விசையைக் கூறுகளாகப் பிரிக்கிறோமே, விசை உண்மையிலேயே இரண்டாகிறதா? இல்லை, கணக்குக்காக மட்டும் செய்கிற வேலையா?

சேதுக்கரை இயற்பியல்

முதல் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். படகுக் கணக்கைக் கடல் தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

தம்பி, நீங்கள் படித்த வரையறை தப்பில்லை, ஆனால் பாதிதான். எண்மதிப்பும் திசையும் இருப்பதோடு, கூட்டும்போது முக்கோண விதிப்படி கூட வேண்டும். இணைகர விதி என்று சொன்னாலும் அதுவேதான். இந்த மூன்றாவது நிபந்தனையில் தேறாத எதுவும் வெக்டர் ஆகாது, எத்தனை அம்புக்குறி போட்டாலும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 3, 4 என்று இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தை மாற்றிக்கொண்டே கூட்டுங்கள். 3 கி.மீ., 4 கி.மீ. என்ற இரண்டு இடப்பெயர்ச்சிகள் ஒரே திசையில் இருந்தால் 7, எதிரெதிராக இருந்தால் 1, செங்குத்தாக இருந்தால் 5, இடையே 60 டிகிரி இருந்தால் √37, அதாவது ஏறத்தாழ 6.1. கோணம் மாறினால் விடை மாறுகிறது. எனவே இடப்பெயர்ச்சி வெக்டர்.

இப்போது ஒரு சந்திப்புக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்றில் 3 ஆம்பியர், மற்றதில் 4 ஆம்பியர். மூன்றாவது கம்பி வழியாக வெளியேறுவது எவ்வளவு? 7 ஆம்பியர். கம்பிகளைச் செங்குத்தாக வளையுங்கள், 60 டிகிரியில் வளையுங்கள், ஏறத்தாழ எதிரெதிராக வைத்துக்கூடப் பாருங்கள். அதே 7தான். ஒரு வினாடியில் உள்ளே வந்த மின்னூட்டம் அவ்வளவும் வெளியே போயாக வேண்டும், கம்பி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது அதைப் பாதிக்காது. கிர்ச்சாஃபின் முதல் விதி சொல்வது இதைத்தான். இடப்பெயர்ச்சியைச் சோதித்த அதே கோணங்களில் மின்னோட்டம் அசையவே இல்லை, ஆகவே அது ஸ்கேலர்.

அப்படியானால் சுற்றில் போடும் அம்புக்குறி எதற்கு? கம்பியின் வழியே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கா, அந்த முனையிலிருந்து இந்த முனைக்கா என்று சொல்ல. இருக்கும் வாய்ப்பு இரண்டே. அதற்குக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போதும். வெளியில் எந்தத் திசை என்று அந்த அம்புக்குறி சொல்வதில்லை. கம்பியைச் சுருட்டி வைத்தாலும் அதே 3 ஆம்பியர்தான் ஓடும். உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் மின்னூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லும் வெக்டர் ஒன்று உண்டு, அதன் பெயர் மின்னோட்ட அடர்த்தி. அதையும் கம்பியின் குறுக்குப் பரப்பையும் புள்ளிப் பெருக்கல் (இரண்டு வெக்டர்களைப் பெருக்கி ஒரு எண் பெறும் முறை) செய்தால் மின்னோட்டம் கிடைக்கும். புள்ளிப் பெருக்கலின் விடை எப்போதும் ஸ்கேலர்.

அழுத்தத்துக்கு வருவோம். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர் 10 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறார் என்று வையுங்கள். கடல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ. 1025 × 9.8 × 10 = ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு மடங்கு கூடுதலாகச் சேர்கிறது. அந்த ஆழத்தில் முகக் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்பினாலும், மேல்நோக்கித் திருப்பினாலும், பக்கவாட்டில் திருப்பினாலும் அழுத்தம் ஒன்றே. அந்தப் புள்ளியில் அழுத்தத்துக்கென்று ஒரு திசை கிடையாது. நீங்கள் 'தள்ளுகிறது' என்று சொல்வது அழுத்தத்தை அல்ல, விசையை. 100 சதுர செ.மீ. பரப்பில் அந்தக் கூடுதல் அழுத்தம் 1000 நியூட்டன் விசையாக விழும். விசைக்குத் திசை உண்டு, அதைத் தீர்மானிப்பது பரப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது. பரப்பைத் திருப்பினால் விசையின் திசை திரும்பும், அழுத்தம் திரும்பாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், பாடத்தில் இதற்கு அதிகம் இடம் தருவதில்லை. ஒரு புத்தகத்தை மேசைமேல் வையுங்கள். இடமிருந்து வலமாகப் போகும் அச்சைப் பற்றி 90 டிகிரி திருப்பி, பிறகு மேல்கீழ் அச்சைப் பற்றி 90 டிகிரி திருப்புங்கள். அடுத்து, முதலிலிருந்து, வரிசையை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் இரண்டு முறையும் வெவ்வேறு நிலையில் வந்து நிற்கும். இந்தச் சுழற்சிக்கு எண்மதிப்பு 90 டிகிரி, திசை அச்சின் திசை, இரண்டும் இருக்கின்றன. ஆனால் வெக்டர் கூட்டலில் எதை முன்னால் எழுதினாலும் விடை ஒன்றாக வர வேண்டும், இங்கே வரவில்லை. ஆகவே பெரிய கோணச் சுழற்சி வெக்டர் அல்ல. மிக மிகச் சிறிய சுழற்சிகளில் இந்த வேறுபாடு மறைந்துவிடும், அதனால்தான் கோணத் திசைவேகம் வெக்டர் ஆகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கழித்தல் குறியைக் கண்டதும் வெக்டர் என்று முடிவுகட்டாதீர்கள். வெப்பநிலை, மின்னூட்டம், வேலை, மின்னழுத்தம் எல்லாவற்றுக்கும் கழித்தல் மதிப்பு வரலாம், அனைத்தும் ஸ்கேலர். ஒரே நேர்கோட்டில் நடக்கும் இயக்கத்திலும், வெக்டரின் கூறுகளிலும் கழித்தல் குறி திசையைக் குறிக்கிறது.

பாக் விரிகுடா

படகுக் கணக்குக்கு 22 டிகிரி என்றவர்கள் சரி. மேற்குப் பக்கம் 22 டிகிரி. 20.6 என்றவர்களும் ஒரு சரியான முக்கோணம்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது வேறொரு கேள்விக்கு உரிய முக்கோணம்.

எந்த ஓட்டக் கணக்கானாலும் படம் வரையும் முன் இந்த வரியை எழுதுங்கள்:

தரையைப் பார்த்துப் படகு = நீரைப் பார்த்துப் படகு + தரையைப் பார்த்து நீர்

இந்த மூன்றில் எதற்கு எண்மதிப்பு தெரியும், எதற்குத் திசை தெரியும் என்று பக்கத்திலேயே குறியுங்கள். உங்கள் கணக்கில் நீரோட்டத்துக்கு இரண்டும் தெரியும்: 3, கிழக்கு. நீரைப் பார்த்துப் படகுக்கு எண்மதிப்பு 8 தெரியும், திசை தெரியாது, அதைத்தான் கேட்கிறார்கள். தரையைப் பார்த்துப் படகுக்குத் திசை வடக்கு என்று தெரியும், வேகம் தெரியாது. இப்போது படம் தானாக அமையும். 8 சாய்ந்து நிற்கும், 3 கிழக்கே போகும், இரண்டும் சேர்ந்த தொகுபயன் நேர் வடக்கே நிற்கும். செங்கோணம் வடக்குக் கோட்டுக்கும் நீரோட்டத்துக்கும் நடுவில். எனவே 8 கர்ணம். சைன் கோணம் = 3/8, கோணம் 22.0 டிகிரி. வடக்கே போகும் வேகம் √(64 − 9) = √55 = மணிக்கு 7.42 கி.மீ. 12 கி.மீ.க்கு 1 மணி 37 நிமிடம்.

20.6 எங்கிருந்து வந்தது? அவர்கள் அணியத்தை நேர் வடக்கே வைத்து, நீரோட்டம் படகை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தார்கள். அந்தப் படத்தில் 8 வடக்கே நிற்கும் பக்கம், கர்ணம் √73 = 8.54. டேன் கோணம் = 3/8, அதாவது 20.6 டிகிரி. படகு வடக்கிலிருந்து கிழக்காக 20.6 டிகிரி விலகிப் போகும் என்பது சரியான தகவல். 'கிழக்கே 20.6 விலகுகிறதா, அப்படியானால் மேற்கே 20.6 திருப்பினால் சரியாகிவிடும்' என்று நினைப்பதில்தான் வழி தப்புகிறது. அணியத்தைத் திருப்பியதும் வடக்கே போகும் வேகமும் குறைந்துவிடுகிறது, முக்கோணமே மாறிவிடுகிறது.

பிழை எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். மேற்கே 20.6 டிகிரி திருப்பினால் படகின் மேற்குக் கூறு 8 × சைன் 20.6 = 2.81. நீரோட்டம் 3. மிச்சம் 0.19 கிழக்கே இழுத்துக்கொண்டே இருக்கும். 12 கி.மீ. ஏறி முடிக்கும்போது குறித்த இடத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) வலை விடுகிறவர்களுக்கு 300 மீட்டர் என்பது பாரையே தவறவிடும் தூரம்.

தேர்வில் இதோடு சேர்த்துக் கேட்பது: மிகக் குறைந்த நேரத்தில் 12 கி.மீ. வடக்கே ஏற எப்படிப் போக வேண்டும்? அதற்கு அணியம் நேர் வடக்கே. எஞ்சின் வேகம் முழுவதும் வடக்கே செலவாகும், 12/8 = ஒன்றரை மணி. ஆனால் சேருமிடம் 4.5 கி.மீ. கிழக்கே தள்ளியிருக்கும். நீரோட்டம் எத்தனை மடங்கு கூடினாலும் இந்த ஒன்றரை மணி மாறாது. நீரோட்டத்துக்கு வடக்குக் கூறு இல்லை அல்லவா? செங்குத்தான கூறுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கணக்கு பாடத்தில் இல்லை.

தங்கச்சிமடம் பிளஸ் ஒன்

நன்றி சார். வடக்குக் கோட்டுக்கும் நீரோட்டத்துக்கும் நடுவில்தான் செங்கோணம் என்பது இப்போது பிடிபட்டது. இரண்டு கேள்வி. நீரோட்டம் 8-ஐவிட அதிகமாக இருந்தால்? நிஜப் படகில் ஜிபிஎஸ் காட்டும் வேகம் இந்த மூன்றில் எது?

பாக் விரிகுடா

நீரோட்டம் 9 என்றால் சைன் கோணம் = 9/8 என்று வரும். சைன் 1-ஐத் தாண்டாது. விடை இல்லை என்று கணக்கே சொல்கிறது: எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் படகால் நேர் வடக்கே போக முடியாது. போயாக வேண்டுமானால் கரையை ஒட்டி மேற்கே தள்ளிப் போய், அங்கிருந்து கிளம்ப வேண்டும். தொகுபயன் வடகிழக்காகச் சாய்ந்தாலும் இடத்தில் கொண்டு சேர்த்துவிடும்.

ஜிபிஎஸ் காட்டுவது எப்போதும் தரையைப் பார்த்த வேகமும் திசையும், அதாவது தொகுபயன். அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது, அதைத் திசைகாட்டிதான் சொல்லும். ஓட்டம் உள்ள இடத்தில் இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்பதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வித்தியாசமே நீரோட்டம்.

நீரோட்டத்தை அளக்க ஒரு வழி. எஞ்சினை ஒரே நிலையில் வைத்து, ஓட்டத்தின் போக்கிலேயே சிறிது தூரம், பிறகு அதே கோட்டில் எதிர்த்துச் சிறிது தூரம் ஓட்டுங்கள். ஜிபிஎஸ் போகும்போது 10, வரும்போது 6 காட்டினால், பாதிக் கூட்டல் 8 படகின் சொந்த வேகம், பாதி வித்தியாசம் 2 நீரோட்டம். கோட்டைச் சாய்த்துவிட்டால் நீரோட்டத்தின் ஒரு கூறுதான் தெரியும். முழுவதும் வேண்டுமானால் குறுக்கேயும் அளக்க வேண்டும். காற்று பலமாக இருக்கும்போது இந்த அளவு சரிவராது, காற்றும் படகைத் தள்ளும். சீக்கிரம் முடிக்கவும் வேண்டும். பாம்பன் கால்வாய்ப் பக்கம் ஓட்டம் நிலையாக நிற்பதில்லை. பொதுவாகத் தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்கும், வடகிழக்குப் பருவத்தில் அதற்கு எதிராகவும் நீர் பாயும்.

நங்கூரக் கயிறு

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. தம்பி, விசை இரண்டாக உடைவதில்லை. கயிற்றில் இருப்பது ஒரே இழுவிசை. ஆனால் அந்த ஒரு விசை செய்யும் வேலையை, இரண்டு செங்குத்து விசைகள் சேர்ந்து அப்படியே செய்ய முடியும். எந்த இரண்டு என்பது நாம் எடுக்கும் அச்சைப் பொறுத்தது. அச்சைத் திருப்பினால் கூறுகளின் எண்கள் மாறும், விசை மாறாது. கணக்குக்காகச் செய்வதுதான், ஆனால் அதிலிருந்து வரும் முடிவு கடலில் நிஜமாக நடக்கும். நங்கூரத்தை வைத்துக் காட்டுகிறேன்.

ஆழம் 5 மீட்டர். கயிறு 10 மீட்டர் விட்டிருக்கிறது. காற்றில் படகு பின்னால் போய்க் கயிறு விறைத்துவிட்டது, இழுவிசை 1000 நியூட்டன். கயிறு நேர்கோடாக நிற்கிறது என்று கொண்டால், தரையோடு அது செய்யும் கோணத்தின் சைன் 5/10. கோணம் 30 டிகிரி. நங்கூரத்தை மேலே தூக்கும் கூறு 500 நியூட்டன், தரையோடு இழுக்கும் கூறு 866 நியூட்டன். இப்போது கயிற்றை 25 மீட்டர் விடுங்கள். சைன் 5/25 = 0.2, கோணம் 11.5 டிகிரி. தூக்கும் கூறு 200 நியூட்டன், தரையோடு இழுப்பது 980.

நங்கூரத்தின் கொக்கி சேற்றுக்குள் புதைவது தரையோடு இழுக்கும்போது. மேலே தூக்கினால் கொக்கி கழன்று வரும். கயிறு குறைவாக விட்ட படகு இரவில் நகர்ந்து போவதற்குக் காரணம் அந்த 500 நியூட்டன். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் கனமான சங்கிலி போடுவதும் இதற்குத்தான்: சங்கிலி தரையில் படிந்து கிடப்பதால் நங்கூரத்தில் விழும் இழுவை கிடைமட்டமாகிவிடும். நங்கூரத்தை எடுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்கிறோம், படகை நேர் மேலே கொண்டுவந்து செங்குத்தாக இழுத்தால் முழு விசையும் தூக்கும் விசையாகிவிடும்.

கரைவலையும் நல்ல பாடம். இரண்டு பக்கக் கயிற்றிலும் 500 நியூட்டன் என்று வையுங்கள். இரண்டு கயிற்றுக்கும் இடையே 90 டிகிரி இருந்தால் வலையைக் கரைக்கு இழுக்கும் தொகுபயன் 2 × 500 × காஸ் 45 = 707. கோணம் 60 ஆனால் 866. 20 ஆனால் 985. இரண்டு கூட்டத்தாரும் கரையில் ஒருவரை ஒருவர் நெருங்கி வர வர, அதே ஆள்பலத்தில் வலைக்குப் போய்ச் சேரும் இழுவை கூடுகிறது. பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சூத்திரத்தில் பாதிக் கோணம் வரும் என்பதைக் கவனியுங்கள், முழுக் கோணத்தைப் போட்டு விடுகிறவர்கள் அதிகம்.

கூறு பிரிக்கும் கணக்கில் மதிப்பெண் போவது இரண்டு இடத்தில். விசைப் படத்தில் மூல விசையையும் அதன் கூறுகளையும் சேர்த்து வரைந்து, எல்லாவற்றையும் கூட்டிவிடுவது ஒன்று. கூறு வரைந்ததும் மூல விசையின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். மற்றது, 'கிடைமட்டம் என்றால் காஸ், செங்குத்து என்றால் சைன்' என்று மனப்பாடம் செய்வது. கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளந்தால்தான் அது பொருந்தும். செங்குத்திலிருந்து அளந்து கொடுத்தால் அப்படியே மாறிவிடும். கோணத்தை அணைத்து நிற்கும் பக்கத்துக்குக் காஸ், எதிரே நிற்கும் பக்கத்துக்குச் சைன். மணல் சரிவில் நிற்கும் 600 கிலோ படகின் எடை 5880 நியூட்டன். சரிவு 10 டிகிரி. சரிவின் வழியே கீழே இழுப்பது 5880 × சைன் 10 = 1021, மணலை அழுத்துவது 5880 × காஸ் 10 = 5791. இங்கே அச்சுகளைச் சரிவோடு சாய்த்து எடுத்தோம், அதனால் சைன் கீழ்நோக்கி வருவது புதிராகத் தெரிகிறது. படம் வரைந்தால் புதிர் இல்லை.

வாடையும் கொண்டலும்

யாரும் சொல்லாத ஒன்று: கடல் பக்கத்துப் பிள்ளைகள் காற்றுக் கணக்கில் திசையை 180 டிகிரி மாற்றிப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை வைத்துப் பெயர். வாடை வடக்கிலிருந்து வரும், ஆகவே அதன் வெக்டர் தெற்கு நோக்கிப் போகும். கொண்டல் கிழக்கிலிருந்து வரும், வெக்டர் மேற்கு நோக்கி. நீரோட்டத்துக்கோ அது எங்கே போகிறது என்பதுதான் திசை. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தரும் கடல்நிலை அறிவிப்பைப் படிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். காற்று வடக்கு, நீரோட்டம் வடக்கு என்று இரண்டுக்கும் போட்டிருந்தால் இரண்டும் எதிரெதிர் வெக்டர்கள்.

ஒரு கணக்கு. வாடை மணிக்கு 20 கி.மீ. படகு கிழக்கே 15 கி.மீ. வேகத்தில் போகிறது. கொடிமரத்தில் கொடி எந்தப் பக்கம் பறக்கும்? கொடி உணர்வது படகைப் பார்த்த காற்று. அது காற்றின் திசைவேகத்திலிருந்து படகின் திசைவேகத்தைக் கழித்தது. கிழக்கை எக்ஸ், வடக்கை ஒய் என்று வைத்தால் காற்று (0, −20), படகு (15, 0). கழித்தால் (−15, −20). எண்மதிப்பு 25. கொடி தெற்கிலிருந்து மேற்காக 37 டிகிரி சாய்ந்து பறக்கும். படகு நின்றிருந்தால் நேர் தெற்கே பறந்திருக்கும்.

இங்கே டேன் மதிப்பிலிருந்து கோணம் எடுக்கும்போது எச்சரிக்கை. 20/15 என்று போட்டால் 53 டிகிரி வரும். (−15, −20) என்றாலும் (15, 20) என்றாலும் விகிதம் ஒன்றே, எனவே எண் உங்களை வடகிழக்குக் கால்பகுதிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். முதலில் குறிகளைப் பார்த்து எந்தக் கால்பகுதி என்று முடிவு செய்யுங்கள், பிறகு கோணம் போடுங்கள்.

கோணம் அளக்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு. ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் வடக்கில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ணும். பாடநூல் கிழக்கில் தொடங்கி எதிர்ச்சுற்றில் எண்ணும். பாடநூல் கோணம் = 90 − திசைகாட்டிக் கோணம். திசைகாட்டியில் 120 என்றால் பாடநூலில் −30. மாற்ற விருப்பமில்லாவிட்டால் திசைகாட்டிக் கோணத்தின் சைன் கிழக்குக் கூறு, காஸ் வடக்குக் கூறு என்று நேரடியாகப் போடலாம். வேகம் 'நாட்' (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) அலகில் இருந்தால் 1.852-ஆல் பெருக்கினால் மணிக்குக் கி.மீ. வரும்.

2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் ரயிலுக்கு வழி விட்டதில்லை. அந்த விதிக்கு எண்மதிப்பு போதும், அது ஸ்கேலர் எல்லை. ஆனால் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளுவது எது என்று கேட்டால் பாலத்துக்குக் குறுக்கான கூறு. பாலம் ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. 60 கி.மீ. காற்று தண்டவாளத்தோடு 30 டிகிரியில் வந்தால் குறுக்குக் கூறு 30, வழியோடு போகும் கூறு 52. வாடையும் தென்காற்றும் ஏறத்தாழ முழுதாகக் குறுக்கே அடிக்கும்.

சேதுக்கரை இயற்பியல்

நல்ல பதில்கள். தம்பி, வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். செல்பேசியின் வரைபடத்தில் எந்த ஊரைத் தொட்டாலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண் வரும். நம் பகுதி 9 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் 1 டிகிரி அட்சத்துக்கும் 1 டிகிரி தீர்க்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே நீளம், 110 கி.மீ. இரண்டு ஊரின் எண்களையும் கழித்து 110-ஆல் பெருக்கினால் இடப்பெயர்ச்சியின் வடக்கு, கிழக்குக் கூறுகள் கையில் வந்துவிடும். காஷ்மீரில் இந்தக் குறுக்குவழி செல்லாது, அங்கே தீர்க்க டிகிரி ஏறத்தாழ 92 கி.மீ.யாகச் சுருங்கிவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போட்டுப் பாருங்கள். தேவிபட்டினம் 9.48, 78.90. ராமேஸ்வரம் 9.29, 79.31. சாலையில் ராமநாதபுரம் சுற்றிப் போனால் சுமார் 70 கி.மீ.

தேர்வுக்கு ஒரு குறிப்பு: கால்குலேட்டர் கிடையாது என்பதால் 3-4-5 முக்கோணத்தின் 37, 53 டிகிரிகளையும், 30, 45, 60-இன் மதிப்புகளையும் மனதில் வைத்திருங்கள். சைன் 37 ஏறத்தாழ 0.6, காஸ் 37 ஏறத்தாழ 0.8. மற்றவற்றுக்கு மடக்கை அட்டவணை. விடைத்தாளில் வெக்டரின் தலைமேல் அம்புக்குறி விட்டுப்போனால், அல்லது எண்மதிப்பின்மேல் அம்புக்குறி வந்துவிட்டால், சமன்பாடே தவறு என்றுதான் பொருள். 5 = வெக்டர் என்று எழுதவே முடியாது.

தங்கச்சிமடம் பிளஸ் ஒன்

போட்டுவிட்டேன் சார். அட்சம் 9.29 − 9.48 = −0.19, அதாவது தெற்கே 20.9 கி.மீ. தீர்க்கம் 79.31 − 78.90 = 0.41, கிழக்கே 45.1 கி.மீ. எண்மதிப்பு √(20.9² + 45.1²) = 49.7 கி.மீ. கடந்த தொலைவு 70, இடப்பெயர்ச்சி சுமார் 50, தென்கிழக்கு. சரியா?

சேதுக்கரை இயற்பியல்

எண்கள் சரி. 'தென்கிழக்கு' என்று மட்டும் எழுதினால் அது சரியாக 45 டிகிரி என்று பொருள்படும். உங்கள் கோணத்தின் டேன் 20.9/45.1 = 0.463, அதாவது 25 டிகிரி. '50 கி.மீ., கிழக்கிலிருந்து தெற்காக 25 டிகிரி' என்று எழுதுங்கள். எண்களை இரண்டு தசம இடத்துக்குத்தான் எடுத்தோம், 0.01 டிகிரியே 1.1 கி.மீ. ஆகிவிடும். எனவே 49.7 என்று புள்ளி வைத்து எழுத நமக்கு உரிமையில்லை, 50 போதும். இன்னும் நுட்பமாக வேண்டுமானால் செல்பேசி காட்டும் நான்கு தசம இடத்தையும் எடுத்துக்கொண்டு, அட்சத்துக்கு 110.6, தீர்க்கத்துக்கு 109.8 என்று தனித்தனியாகப் பெருக்குங்கள்.